புகை போன இடம்

ஜப்பான்காரன் சைக்கிளில் வருவதை வேடிக்கை பார்க்க நான் ரந்தாவ் சாலைக்குப் போயிருந்த நேரத்தில் தீப்பற்றிக்கொண்ட புகைக்கூடம், அவன் தோற்றுப்போய் நடந்தே ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் விறகு போடவில்லை. அது எதையும் எரித்துத் தீர்க்கவும் இல்லை. அதிலிருந்து ஒரு கீற்றுப் புகைகூட வரவில்லை. முதல் இரண்டைப் பற்றி மூங்கில் தோட்டம் என்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் அதிகம் கவலைப்படவில்லை. மூன்றாவதற்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. புகைதான் என் வேலை.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் நசுக்கி, துண்டு துண்டாக எடுக்கிற ரப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்தில் மூங்கில் கழிகளில் தொங்கவிடுவார்கள். கீழே குழியில் நான் தீ வைப்பேன். அதன்மேல் பச்சை விறகைப் போட்டு மூடி, புகையை மட்டும் மேலே அனுப்ப வேண்டும். நாலைந்து நாளில் வெள்ளை ஷீட் தேன் நிறமாகும். தீ நன்றாக எரியவும் கூடாது, அணையவும் கூடாது. என் குணத்துக்கு ஏற்ற வேலை. அதில் இருந்தே எனக்குப் புகையாண்டி என்று பெயர் விழுந்தது. என் சொந்தப் பெயர் தெரிந்தவர் என் அம்மா ஒருத்திதான். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வெள்ளைக்காரத் துரை தன் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் போன பிறகு தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி ராமகிருஷ்ணன்தான் எல்லாம். அவர் எங்களை, விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நிறுத்தி, வேலையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் வேலை நடக்கும் என்று அறிவித்தார். அது நியாயமாகத்தான் பட்டது. பால்வெட்டுக்காரர்கள் வெட்டினார்கள், நான் புகைத்தேன். வாங்க ஆளில்லாத ஷீட் கூடத்தில் தொங்கியதுபோக, மிச்சம் கிடங்கில் கூரை முட்ட நின்றது. அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரன் வருகிறான் என்று சாலையில் கூச்சல் கேட்டது. பச்சை விறகு வெட்டிப் போட்டுவிட்டுப் போனால் வேடிக்கை முடிந்துவிடும். துரை பங்களாவுக்கென்று அடுக்கிவைத்திருந்த காய்ந்த கட்டைகளை அள்ளிக் குழியில் போட்டுவிட்டு ஓடினேன்.

நாடு பிடிக்க வந்தவர்களின் சைக்கிள்கள் பலவற்றில் டயரே இல்லை. வெறும் இரும்புச் சக்கரம் கடகடவென்று உருண்டது. ரப்பரை மலைமலையாக அடுக்கிவைத்திருந்த நாங்கள் டயர் இல்லாத சைக்கிளிடம் தோற்றோம். இந்தத் தத்துவத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். கூடம் அடிமுதல் நுனிவரை எரிந்துகொண்டிருந்தது.

ஆற்றில் இருந்து கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் இளஞ்சூடாகக் கால்வழியே ஓடிவந்தது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் பிள்ளைகளை அங்கேயே குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். பலகை சிவந்து நின்றதே தவிரக் கரியாகவில்லை. கழிகளில் ஷீட்டுகள் கோயில் தோரணம்போல ஒளிவிட்டுத் தொங்கின. கிராணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"என்னடா இது, புகையாண்டி?"

"தீங்கய்யா."

"அது தெரியுதுடா. புகை எங்க?"

"இங்கதான் இருந்துச்சு."

"துரை திரும்பி வந்தா மொதல்ல அதைத்தான் கேப்பாரு. கூடம் எரிஞ்சது ஒன் தப்பு. அதை விடு. புகை தோட்டத்துச் சொத்து. எங்க போச்சுன்னு நீதான் கண்டுபிடிக்கணும்."

அன்றிலிருந்து நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் கேட்டேன். என்னிடம் நேராகப் பதில் சொல்லும் வழக்கம் தோட்டத்தில் கிடையாது. நான் யாருக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன், எனக்கு யார் சொல்ல?

இங்கே எங்கள் தோட்டத்து இருமலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவனுக்கு என்ன சம்பளம் என்று தெரிந்துகொள்ள அவனைக் கேட்க வேண்டாம், அவன் வீட்டு இருமலைக் கேட்டால் போதும். மேட்டில் துரை பங்களா. மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ் பெட்டி, காஸ் விளக்கு, சமையலுக்குத் தனிக் கட்டடம், அதற்குப் புகைபோக்கி. துரை சுருட்டுப் பிடிக்கும்போதுகூட இருமமாட்டார். அதற்குக் கீழே கிராணி வீடு. அங்கே அடுப்புக்கரி, கண்ணாடி போட்ட விளக்கு, நாலு பக்கமும் ஜன்னல். கிராணியம்மா செல்லம் மழைக்காலத்தில் மரியாதைக்கு ஒரு இருமல் இருமுவார், அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லயம், எங்கள் ஆட்களின் வரிசை வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு கதவு, அதற்குள்ளேயே அடுப்பு, அடுப்பில் ஈர ரப்பர் கொம்பு. காய்ந்த விறகு பங்களாவுக்கு, அதற்கடுத்தது கிராணிக்கு, ஈரம் எங்களுக்கு என்பது யாரும் போட்ட சட்டம் இல்லை, பழக்கம். விடியற்காலைப் பெரட்டில் நாங்கள் வரிசையில் நின்று இருமுவது கேட்டால் தவளைக் குளம் என்று நினைப்பீர்கள். கிராணி ஆளை முகம் பார்த்து எண்ணியதில்லை, இருமலைக் கேட்டே எண்ணினார்.

பெரியவர்கள் இருமினார்கள். சின்னவர்கள் இருமப் பழகும் முன்பே போனார்கள். பால்வெட்டுக்காரன் நல்லசாமியின் மனைவி முத்தாயி அப்படி மூன்று பிள்ளைகளைப் புதைத்திருந்தாள். மூன்றும் பல் முளைக்கும் முன்பே நெஞ்சு இழுத்துப் போனவை. தோட்டத்து மருந்துக்காரர் டிரெஸர் மணியம் ஒவ்வொரு முறையும் சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார்.

"அடுப்புக்குப் பக்கத்துல புள்ளையப் போடாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

"இந்தச் சொவத்துக்கு இந்தப் பக்கம் எங்க அடுப்பு, அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அடுப்பு. வேற எங்கங்க போடறது, ஒங்க தலையிலயா டிரெஸரய்யா?" என்றாள் முத்தாயி. டிரெஸர் தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன், அவரிடம் இருந்தது ஒரே மருந்து.

ஜப்பான்காரன் வந்த சில மாதத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. தீப்பெட்டி தீர்ந்தது. பெட்ரோல் இல்லாமல் லாரிகள் அடுப்புக்கரியில் ஓட ஆரம்பித்தன. அதனால் கரியும் தீர்ந்தது. அரிசி தீர்ந்து மரவள்ளி வந்தது. தீராமல் இருந்தது எங்கள் புகைக்கூடத்துத் தீ ஒன்றுதான்.

அதில் முதல் பானையை வைத்தவள் முத்தாயி. ஒருநாள் பெரட்டு முடிந்ததும் ஆற்றைக் கடந்து வந்தாள், மூன்று கல்லைக் கூடத்துச் சுவரோரம் போட்டாள், கிழங்குப் பானையை ஏற்றினாள், குந்திக்கொண்டாள். நல்லசாமி பின்னாலேயே ஓடிவந்தான்.

"ஏய், என்ன எழவு நெருப்போ! சாமியோ பேயோ தெரியாம அதுல போயி சோறு வைக்கிற?"

"சோறு எங்க இருக்கு, கெழங்குதான்" என்றாள். "நான் மூணு புள்ளைய வீட்டு அடுப்புக்குக் குடுத்துட்டேன். பேயா இருந்தா இது என்னத்தப் புதுசாக் கேட்டுரப் போவுது?"

நல்லசாமி என்னைப் பார்த்தான். "மச்சான், நீயாவது சொல்லேன்."

"நான் என்ன சொல்றது மாப்ள, எனக்கே புகை கெடைக்கல" என்றேன். கிழங்கு வெந்தது. ருசியில் குறை ஒன்றும் இல்லை, உப்பு இல்லாததைத் தவிர.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். தீயின் குணம் மெல்லப் பிடிபட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு பானை கொதிக்கும். இரண்டாவது பானை கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்து நிற்கும். ரந்தாவில் தேநீர்க் கடை வைத்திருந்த மதார் மைதீன் விஷயம் கேள்விப்பட்டு, கடைக்குத் தண்ணீர் காய்ச்ச ஒரு பெரிய அண்டாவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காலையில் வைத்தது பிற்பகல்வரை சூடே ஏறவில்லை. அவர் கையைவிட்டுப் பார்த்துவிட்டு, கூடத்தைப் பார்த்து ஒரு சலாம் வைத்தார்.

"வியாபாரம் வேணாங்குது, புரிஞ்சுபோச்சு" என்று சொல்லி, வண்டியில் இருந்த தன் சோற்றுச் சட்டியை எடுத்து வைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் கொதித்தது.

"பாய், நீங்க நாலு ஊரு போறவங்க. லாபு, பெடாஸ் பக்கம் எங்கயாச்சும் ஆளில்லாம ஒரு புகை நின்னா பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் தம்பி, ஒம் புகைய நான் என்ன பொட்டலம் கட்டியா வச்சிருக்கேன்? போ லா!"

அதற்குப் பிறகு அவர் ரந்தாவில் இருந்து வரும்போதெல்லாம் ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவந்து கூடத்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். உப்பு அப்போது கண்ணால் காண முடியாத சாமான். அது தீக்குக் கொடுத்ததா, எங்களுக்குக் கொடுத்ததா என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் கிழங்கில் போட்டுக்கொண்டோம். தீ கோபித்துக்கொள்ளவில்லை.

இருமல் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. நிற்கிற சாமானுக்குச் சத்தம் இல்லை அல்லவா. ஒரு விடியற்காலை கிராணி பெரட்டுக் களத்துக்கு வந்து, அங்கே ஒரு சத்தமும் கேட்காமல், லயத்தில் ஏதோ கொள்ளைநோய் புகுந்து எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று டிரெஸரைக் கூப்பிட ஓடினார். டிரெஸர் விளக்கில்லாத இருட்டில் பெட்டியோடு வந்து பார்த்தால் நாங்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறோம். ஒருவரும் இருமவில்லை. அவர் ஒவ்வொருவர் முதுகிலும் காதை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, சிவப்பு மருந்துப் புட்டியைத் திறந்து தானே ஒரு வாய் குடித்துக்கொண்டார்.

கிராணிக்குத்தான் கஷ்டமாகிவிட்டது, முகம் பார்த்து ஆள் எண்ணும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்த வருஷம்தான் எங்கள் முகங்களைப் படித்தார்.

கரி நின்றுபோனதால் கிராணியம்மா செல்லம் முதல் தடவையாக ஈர விறகில் சமைத்தார். கௌரவத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தார். நாலு ஜன்னலும் போதவில்லை. லயத்தை விட்டுப்போன இருமல் மேட்டில் கிளம்பியது. கடைசியில் ஒருநாள் கண் சிவக்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பித்தளைப் பானையோடு கூடத்து வாசலில் வந்து நின்றார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முத்தாயி தன் கல்லுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

"இங்க குந்துங்கம்மா. காத்து அந்தப் பக்கம்."

"புகையே இல்லையே, காத்து எந்தப் பக்கம் இருந்தா என்ன?" என்றார் செல்லம்.

"பழக்கதோஷங்கம்மா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கிராணி வீட்டுப் பானையும் லயத்துப் பானையும் ஒரே நேரத்தில் கொதித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தத் தைக்குப் பொங்கல் அங்கேயே வைத்தோம். அரிசி இல்லை, கிழங்கு மாவுதான். மாவு பொங்காது என்று எல்லோருக்கும் தெரியும். பொங்கியது. செல்லம்தான் முதலில் குலவையிட்டார்.

முத்தாயி மறுபடி கர்ப்பமானாள். நாலாவது. அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்று சொன்னார்கள். அதை நம்பி ஏறியவர்கள் கொஞ்சம், நம்பாமல் ஏற்றப்பட்டவர்கள் மிச்சம். நல்லசாமி இரண்டாவது வகை. நான் வரிசையில் நின்றேன். ஆள் எடுத்த சிப்பாய் என் மூஞ்சியைப் பார்த்து எதற்கும் உதவாதவன் என்று ஒதுக்கிவிட்டான். என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவன் வேறு யாரும் இல்லை. லாரி கிளம்பும்போது நல்லசாமி பலகைக்கு மேலாகக் குனிந்தான்.

"மச்சான், புள்ள பொறந்தா அதுக்கு நெருப்பக் காட்டு. புகையக் காட்டிறாத."

அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கேலிதான் வரும். "புகை எங்க இருக்குன்னே தெரியல, எங்கருந்து காட்டறது?"

"போற எடத்துல பாத்தா சொல்றேன்" என்றான். லாரி திரும்பியது. முத்தாயி அழவில்லை. கூடத்துக்குப் போய்ப் பானையை வைத்தாள்.

தீயைப் பார்க்க ஒரு ஜப்பானிய அதிகாரியும் வந்தார். ஆகாயத்தில் இருந்து வெளிச்சம் தெரிகிறது, அணைக்க வேண்டும் என்றார். அணைத்தார்கள். அது அணையவில்லை. அப்படியானால் பட்டாளத்துக்குச் சமைக்கட்டும் என்று ஒரு பெரிய கொப்பரையைக் கொண்டுவந்தார்கள். மதார் மைதீன் அண்டாவுக்கு ஆனதே அதற்கும் ஆனது. அதிகாரி கொப்பரையை இறக்கச் சொன்னார். பிறகு தன் பையில் இருந்து ஒரு தகரக் குவளையை எடுத்து, ஒரு பிடி அரிசி போட்டு, முத்தாயியின் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். அது வெந்தது. நின்றபடியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். போகும்போது கிராணியிடம் இது எரிமலை என்று மேலிடத்துக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் அணைக்க வரவில்லை. எரிமலையை அணைக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு கிடையாது.

பிள்ளை பிறந்தது. பெண். முத்தாயி அதற்குப் பெயர் வைக்கவில்லை. மூன்றுக்குப் பெயர் வைத்து மூன்றையும் அந்தப் பெயரோடு புதைத்தவள், பல் முளைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். அதனால் நாங்கள் எல்லோரும் அந்தப் பிள்ளையின் ஈறைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அப்போது அந்த மழை வந்தது. ஆறு பாலத்துக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய், லயத்துக்கும் கூடத்துக்கும் நடுவே செம்மண் கலங்கல் பாய்ந்தது. தீ ஒரு பக்கம், பானைகள் மறுபக்கம். லயத்தில் வேறு வழியில்லாமல் பழைய அடுப்புகளில் ஈரக் கொம்பைச் செருகினார்கள். கதவுகளில் புகை வழிந்தது. நான் இந்தக் கரையில், கூடத்துக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்தேன். நாலாவது நாள் பிற்பகல், மழை இரைச்சலையும் தாண்டி இருமல் கேட்டது. தவளைக் குளம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு முத்தாயியின் குரல்.

அவள் அந்தக் கரையில் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணே! இழுக்குதுண்ணே! நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழும்புதுண்ணே!"

நீந்தத் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. கிடங்கில் அந்த ஷீட் கட்டுகள் கிடந்தன. உலகமே அதற்காகத்தான் அடித்துக்கொண்டது என்பார்கள், எங்களுக்கு அதனால் ஒரு பிடி கிழங்குகூடக் கிடைத்ததில்லை. ரப்பர் தண்ணீரில் மிதக்கும் என்று புகைக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? கட்டுகளைச் சேர்த்துக் கொடியால் இறுக்கி, ஒரு கயிற்றையும் கட்டி, அதன் நுனியைச் சத்தம் கேட்டு ஓடிவந்த கிராணியிடம் கொடுத்து, கட்டுகள்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். எப்படியோ அந்தக் கரை வந்தது. முத்தாயியையும் பிள்ளையையும் மேலே உட்காரவைத்தேன். இந்தக் கரையில் கிராணி, செல்லம், டிரெஸர் மூவரும் இழுத்தார்கள். நடு ஆற்றில் அது ஆடியபோது வழுக்கி விழுந்தது நான் ஒருவன்தான். கயிற்றைப் பிடித்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, கரையேறினேன். பிள்ளையின் தலையில் ஒரு சொட்டு படவில்லை.

டிரெஸர் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "மருந்து இல்ல. இருந்தாலும்..."

"குடிசைக்குத் தூக்கிட்டுப் போறேங்கம்மா, அங்க நெருப்பு கிட்ட" என்றாள் முத்தாயி.

"ஒழுகுற குடிசையில என்ன வேல ஒனக்கு?" என்றார் செல்லம். "நடுவறையில படு. நாலு ஜன்னல் இருக்கு, காத்து இருக்கு. தண்ணி நான் காச்சிட்டு வரேன்."

"ஐயா வீட்டுலயாங்கம்மா?"

"ஐயா வராந்தாவுல படுப்பாரு. நானும் ஒரு மழைக்காலம் இருமினவதாண்டி. வா."

கிராணி வராந்தாவில் படுத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு பானை என்பதுதான் தீயின் கணக்கு. செல்லம் தன் பானையை வெந்நீருக்குக் கொடுத்துவிட்டு, கிழங்கு வேகவைக்க வழியில்லாமல், கணவனும் மனைவியும் பச்சை வாழைக்காயைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் அவர் வெந்நீர்ப் பானையின் பக்கத்தில் கிழங்குச் சட்டியையும் வைத்துப் பார்த்தார். இரண்டும் கொதித்தன. அந்த வீட்டில் இப்போது இரண்டு குடும்பம் என்பது தீக்கு யார் சொல்லித் தெரிந்ததோ. ஆவி பிடித்து, ஜன்னல் காற்றில் கிடத்தி, மாற்றி மாற்றித் தோளில் போட்டு நடந்தார்கள். மழை ஓய்ந்த அன்று பிள்ளை வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. டிரெஸர் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. நான் கேட்டேன், "என்னங்கய்யா கேக்குது?" அவர் சொன்னார், "ஒண்ணும் கேக்கலடா." அப்புறம் திரும்பி உட்கார்ந்து அழுதார்.

அடுத்த மாதம் கீழ் ஈறில் வெள்ளையாக ஓர் அரிசி தெரிந்தது. அந்த வருஷம் தோட்டத்தில் எல்லோரும் பார்த்த ஒரே அரிசி அதுதான். லயமே வரிசையில் வந்து பார்த்தது. மதார் மைதீன் ரந்தாவில் இருந்து வந்து பார்த்து, "மாஷா அல்லா, கடிக்குமா?" என்று விரலைக் கொடுத்துக் கடிவாங்கிக்கொண்டார். நெருப்பால் பிழைத்தவளுக்கு நெருப்பில் பிறந்த தீமிதி அம்மன் பெயர்தான் பொருத்தம் என்று சொல்லி, எங்கள் பேச்சு வழக்கில் பஞ்சாலை என்று பெயரிட்டார் செல்லம். முத்தாயி அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பயந்து பயந்துதான் சொன்னாள். பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள்.

அன்று அவளிடமும் கேட்டுவைத்தேன். "ஏம்மா, அந்தப் புகை எங்கதான் போயிருக்கும்?"

"ஒங்க மண்டைக்குள்ள பாத்தீங்களாண்ணே? அங்கதான் நெறைய எடம் இருக்கு."

சண்டை முடிந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில் பிள்ளைகள் கப்பல் செய்து விட்டார்கள். துரை திரும்பி வந்தார். பழைய துரையேதான், இளைத்திருந்தார், நாய் இல்லை. சிறைமுகாமில் இருந்தாராம். இருமினார். கிராணி பயந்தபடியே அவர் கூடத்தைச் சுற்றி வந்து, புகை எங்கே என்று கேட்டார். கிராணி என்னைக் காட்டினார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னதைக் கிராணி என்ன இங்கிலீஷில் சொன்னாரோ, துரை தலையாட்டினார். புகை தராத தீ ரப்பருக்கு உதவாது, இது தோட்டத்துச் சொத்து இல்லை என்று சொல்லி, வேறிடத்தில் புதுக் கூடம் கட்ட உத்தரவு போட்டார். அதற்கும் என்னையே வேலைக்கு வைத்தார்கள். கூடத்தை எரித்தவனையே மறுபடி வைப்பானேன் என்று கிராணியைக் கேட்டேன். "எரிச்ச அனுபவம் வேற யாருக்குடா இருக்கு?" என்றார். சாயங்காலங்களில் துரை வீட்டுச் சமையல்காரன் ஒரு சின்னப் பானையோடு பழைய கூடத்துக்கு வருவதைப் பார்த்தோம். இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் துரைக்கும் இருமல் நின்றது.

சயாமுக்குப் போனவர்கள் ஒருவர் இருவராக வர ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தோட்டங்களில் லாரி லாரியாக ஏற்றிப்போன ஆளில் ஒன்றிரண்டு பேர்தான் திரும்பினார்கள். சில லயங்களில் அதுவும் இல்லை. எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்க எங்களுக்கு நாக்கு எழவில்லை. வந்தவர்களும் பேசவில்லை. சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், தீக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

நல்லசாமி கடைசியாக வந்தான். சிரம்பானில் இறங்கி, ரந்தாவ் சாலை வழியாக நடந்தே வந்திருந்தான். பட்டப்பகல். பெண்கள் பானை வைத்திருந்த நேரம். கணுக்காலில் புண் ஆறிய தழும்பு, பால்வெட்டுக் கத்திபோல மெலிந்த உடம்பு, கையில் ஒரு தகர டப்பா. முத்தாயி பானையை இறக்கிவைத்தாள். பஞ்சாலை அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் குந்தினான். பிள்ளை வாயை அகலத் திறந்து, யாருக்கும் காட்டுவதுபோல அவனுக்கும் பல்லைக் காட்டினாள். அத்தனை பல்லும் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவள் நெஞ்சில் தன் காதை வைத்தான்.

நான் தள்ளித்தான் நின்றேன். அழ வேண்டிய நேரத்தில் எனக்கு என்ன வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

"வா மாப்ள" என்றேன். "போற எடத்துல பாத்தா சொல்றேன்னியே. பாத்தியா?"

அவன் நிமிர்ந்தான். சிரிக்கவில்லை, என்னைக் கிண்டல் செய்யவும் இல்லை.

"பாத்தேன் மச்சான். எங்ககிட்டதான் இருந்துச்சு" என்றான். "நாங்க போயி எறங்குன அன்னிக்கே அது அங்க நின்னுச்சு, முன்னாடியே போயி எடம் புடிச்சு வச்ச மாதிரி. நம்ம ரப்பர் ஷீட்டு வாசம். கொட்டாய்க்குக் கூரை கெடையாது, அதுதான் கூரை. பொழுது சாஞ்சா எறங்கி வந்து எங்கள மூடிக்கும். ஒரு கொசு அண்டாது, ஒருத்தனும் இருமல. மத்த கொட்டாய்ல காய்ச்சல்ல கொத்துக்கொத்தா விழுந்தான். கூப்பிட்டோம், வந்து எங்க நடுவுல படுத்தான், படுத்தவன் பொழச்சான். எவ்வளவு பேரு வந்தாலும் எடம் குடுத்துச்சு. யாரு புகைடா இதுன்னு கேட்டானுங்க. எங்க தோட்டத்துல ஒருத்தன் இருக்கான், வேலய விட்டுட்டு எங்கயோ வேடிக்க பாக்கப் போயிட்டான், அவன் புகைன்னு சொன்னோம்."